பி.ஏ. படித்து என்ன செய்வது?

பள்ளித் தேர்வுகளின் முடிவுகள் வெளிவந்து, கல்லூரி வாயில்களில் பெற்றோர் கூட்டம் கூடும் பருவம் ஆண்டுதோறும் வருகிறது. அப்பருவத்தில் நம் சங்கத்து வாசகசாலைக்கு வரும் அன்பர்களின் பேச்சும் மாறிவிடுகிறது. வாடகை, தண்ணீர், ஊர்த் திருவிழாவுக்குப் பேருந்தில் இடம் கிடைக்குமா என்ற கவலைகள் எல்லாம் சற்றே ஒதுங்கி நிற்க, "பிள்ளையை எதில் சேர்ப்பது?" என்ற ஒரே கேள்வி முன்னே வந்து நிற்கிறது. இத்திங்கள் அக்கேள்வியைப் பற்றியே நம் அன்பர்களோடு கலந்து பேச எண்ணுகிறோம்.

அத்திபெலேயை அறியாதவர் நம்மில் இலர். ஓசூரிலிருந்து பெங்களூரை நோக்கி வரும் நெடுஞ்சாலையில், ஜூஜூவாடியைக் கடந்ததும் நம்மை எதிர்கொள்ளும் கர்நாடக ஊர் அது. அங்கிருந்து தென்மேற்கே ஆனேக்கலுக்கு ஒரு சாலையும், வடக்கே சர்ஜாபுரத்துக்கு ஒரு சாலையும் பிரிகின்றன. சுற்றிலும் தொழிற்சாலைகள். அவற்றை நம்பித் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து வந்து, வரிசை வீடுகளில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாழ்ந்தாலும் அவர்கள் புலம்பெயர்ந்தவர்களே. பிள்ளைகளின் படிப்பு என்று வரும்போதுதான் அவ்வெல்லைக் கோடு எத்துணை ஆழமானது என்பது அவர்களுக்குப் புலப்படுகிறது.

அத்தகைய குடும்பத்து அன்பர் ஒருவர் அண்மையில் தம் மகளை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். தொழிற்சாலை ஒன்றில் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்பவர். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் தனியாக வந்து, பின்னர் குடும்பத்தை வரவழைத்துக்கொண்டவர். மகள் பி.யு.சி.யில் நல்ல மதிப்பெண்களோடு தேறியிருந்தாள். அவர் முகத்திலோ மகிழ்ச்சி இல்லை.

"ஐயா, இவளுக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்கள். பி.காம். படி, கணக்கு எழுதும் வேலையாவது கிடைக்கும் என்கிறேன். பி.ஏ.தான் படிப்பேன், அதிலும் சமூகவியலும் பொருளாதாரமும்தான் வேண்டும் என்கிறாள். வேறு எதிலும் இடம் கிடைக்காதவர்கள் சேரும் படிப்பு அல்லவா அது? அதைப் படித்து என்ன செய்வது?" என்றார்.

நாம் அப்பெண்ணை நோக்கி, "ஏனம்மா அந்தப் படிப்பு?" என்று கேட்டோம். அவள் உடனே விடை கூறவில்லை. தந்தையை ஒருமுறை பார்த்துவிட்டுப் பின்வருமாறு சொன்னாள்:

"பட்டாசுக் கடையில் தீப்பிடித்ததே, அன்றிலிருந்து எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. இறந்தவர்களில் கல்லூரியில் படிக்கும் அண்ணன்மார் இருந்தார்கள் என்று சொன்னார்கள். கல்லூரியில் படிப்பவர்கள் ஏன் இவ்வளவு தூரம் பெட்டி சுமக்க வந்தார்கள்? யாரிடம் கேட்டாலும் 'விதி' என்கிறார்கள். எனக்கு அது போதவில்லை."

அன்பர்களுக்கு அந்நிகழ்ச்சி நினைவிருக்கும். 2023ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள், தீபாவளிக்கு முன்னர், அத்திபெலேயில் நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டாசுக் கடையொன்றில் தீப்பற்றியது. அன்று பதினான்கு பேர் மாண்டனர். பின்னர் மருத்துவமனையிலும் சில உயிர்கள் பிரிந்தன. இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டு இளைஞர்கள். தருமபுரி, திருப்பத்தூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து பண்டிகைக்கால வேலைக்காக வந்தவர்கள். அவர்களிடையே படிப்புச் செலவுக்குச் சிறிது பொருள் ஈட்ட வந்த மாணவர்களும் இருந்தனர். குற்றம் யாருடையது என்பதை ஆராய்வது காவல் துறைக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய கடமை. அப்பெண் கேட்டது அதுவன்று. அவர்களை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது எது என்பதே அவள் கேள்வி.

தந்தையார் தலை குனிந்திருந்தார். பிறகு மெல்லிய குரலில், "அந்த ஆண்டு என் அண்ணன் மகனுக்கும் அப்படிப்பட்ட கடை ஒன்றில் வேலை கேட்டிருந்தேன் ஐயா. ஆள் போதும் என்று சொல்லிவிட்டார்கள்" என்றார். சற்று நேரம் நாம் எவரும் பேசவில்லை.

அன்பர்களே, அப்பெண்ணின் கேள்விக்குள்ளே ஒரு பட்டப்படிப்பின் பாடத்திட்டமே அடங்கியிருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். மழை பொய்த்த நிலத்தில் குடும்பத்தின் வருவாய் எவ்வளவு, பண்டிகை மாதத்தில் கடன் ஏன் கூடுகிறது, கூலி எந்த ஊரில் எவ்வளவு, ஓர் ஊரிலிருந்து ஒருவன் சென்றால் அவன் பின்னே பத்துப் பேர் செல்வது ஏன் என்று கேட்பது பொருளாதாரம். அவ்வாறு அழைத்துச் செல்பவன் யார், உறவினனா, ஒரே தெருக்காரனா, வேலை கேட்பவனுக்கு எந்தக் கதவு திறக்கிறது, எந்தக் கதவு திறப்பதில்லை என்று ஆராய்வது சமூகவியல். உரிமம் வழங்குவது யார், சோதனை செய்வது யார், சட்டம் ஏட்டிலிருக்க நடைமுறை வேறாக இருப்பது ஏன் என்று பார்ப்பது அரசியல் இயல். ஒரே தாலுகாவில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து வாழும் இப்பகுதியில் எல்லைக் கோடு எவ்வாறு விழுந்தது, 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்பு என்ன செய்தது என்று விளக்குவது சரித்திரம். இவை நான்கும் சேர்ந்ததே சமூக விஞ்ஞானங்கள் என்று நாம் சொல்லும் படிப்பின் நடுப்பகுதி.

இது வெறும் ஏட்டுப் படிப்பு என்று எண்ணுவோர்க்குச் சென்னைச் சர்வகலாசாலையின் வரலாற்றிலிருந்து ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறோம். கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் 1915ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே இந்தியப் பொருளாதாரத்தின் முதற் பேராசிரியராக வந்து சேர்ந்தார். இந்நாட்டுக் கிராமங்களைப் பற்றி இந்நாட்டு மாணவர்க்கு இங்கிலாந்தில் அச்சிட்ட நூல்களைக் கொண்டு பாடம் சொல்வது அவருக்குப் பொருத்தமாகப் படவில்லை. எனவே 1916ஆம் ஆண்டில் தம் மாணவர்களிடம் ஒரு வினாப் பட்டியலைக் கொடுத்து, அவரவர் அறிந்த ஊர்களுக்கே சென்று விவரம் திரட்டி வரச் செய்தார். எத்தனை வீடுகள், நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, ஊரை விட்டு வெளியே சென்றவர் யாவர் என்றெல்லாம் அம்மாணவர்கள் கேட்டு எழுதினர். தென்னாற்காட்டு இருவேல்பட்டு, வடஆற்காட்டு தூசி, தஞ்சைப் பகுதியின் பாலக்குறிச்சி, இராமநாதபுரத்து வடமலாபுரம், திருநெல்வேலிக் கங்கைகொண்டான் முதலிய ஊர்கள் அவ்வாறு ஏட்டில் ஏறின. அவ்விவரங்கள் 1918ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன.

கதை அத்தோடு முடியவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து 1936–37இல் பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோரின் மேற்பார்வையில் அதே ஊர்கள் மறுபடியும் ஆராயப்பட்டன. 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். குகன் முதலியோர் மீண்டும் சென்றனர். இருவேல்பட்டுக்கு 2008இலும் ஆய்வாளர் சென்று வந்தனர். ஒரே ஊரின் நூறாண்டு வாழ்க்கையை, நிலம் கைமாறியதையும், உழவை மட்டும் நம்பியிருந்த கூலியாட்கள் வெளிவேலைக்குச் செல்லத் தொடங்கியதையும், பெரிய நிலக்கிழாரின் பிடி தளர்ந்ததையும் இன்று நாம் அறிய முடிகிறதென்றால், அதற்கு முதல் வித்திட்டவர்களுள் கையில் வினாப் பட்டியலோடு தம் ஊருக்குச் சென்ற அம்மாணவர்களும் அடங்குவர். பேரறிஞர்களாகப் பிறந்து வந்தவர்கள் அல்லர் அவர்கள், படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள்.

இச்செய்தியை நாம் சொல்லிக்கொண்டிருக்கையில் அப்பெண் தன் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். தாங்கள் குடியிருக்கும் வரிசையில் ஒவ்வொரு வீடாகச் சென்று, எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், முதலில் வந்தது யார், வீட்டு அட்வான்ஸ் தொகையை யாரிடம் கடன் பெற்றீர்கள் என்று கேட்டு எழுதி வைத்திருந்தாள். கட்டம் போட்ட தாளில், ஒழுங்கான கையெழுத்தில். எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தந்தையாரும் அதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். அந்த நோட்டில் அவர் வீடும் இருந்தது. முதலில் வந்தவர் என்ற இடத்தில் அவர் பெயரும், கடன் கொடுத்தவர் என்ற இடத்தில் அவர் மறந்தே போயிருந்த ஒரு நண்பரின் பெயரும் எழுதப்பட்டிருந்தன. "இதை யாரம்மா சொன்னது உனக்கு?" என்றார். "அம்மா சொன்னாங்கப்பா" என்றாள்.

கர்நாடகத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் தோன்றி இத்துறையில் உலகப் புகழ் பெற்ற ஒருவரையும் இங்கே நினைவு கூர்வது பொருந்தும். எம். என். ஸ்ரீநிவாஸ் 1916ஆம் ஆண்டில் மைசூரில் பிறந்தவர். வீட்டில் தமிழும் வெளியில் கன்னடமும் பேசி வளர்ந்தவர். மைசூர் மகாராஜா கல்லூரியில் சமூகத் தத்துவம் என்ற பாடத்தில் பி.ஏ. ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பின்னர் பம்பாயிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்று, 1948இல் மைசூருக்கு அருகே ஒரு கிராமத்தில் பல மாதங்கள் தங்கி அவ்வூர் மக்களின் வாழ்வை ஆராய்ந்தார். பல்லாண்டு உழைத்துத் தொகுத்த அக்குறிப்புகள் 1970இல் அமெரிக்காவில் அவர் தங்கியிருந்த ஆராய்ச்சி நிலையத்தில் தீக்கிரையாயின. மனம் உடைந்த அவர், நினைவிலிருந்தே அக்கிராமத்தைப் பற்றி எழுதத் துணிந்தார். 1976இல் வெளிவந்த அந்நூலுக்கு 'நினைவில் நிற்கும் கிராமம்' என்ற பொருள்படப் பெயரிட்டார். இன்றும் அது கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. இருமொழிச் சூழலில் வளரும் நம் பிள்ளைகள் அதனை ஒரு குறையாக எண்ண வேண்டியதில்லை என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று. ஒரு வீட்டுத் திண்ணையில் தமிழிலும் அடுத்த வீட்டுத் திண்ணையில் கன்னடத்திலும் பேசத் தெரிந்தவளுக்கு, மக்களிடம் சென்று விவரம் கேட்கும் வேலையில் பாதி எளிதாகிவிடுகிறது.

"எஞ்சினீயரிங் கிடைக்காதவர் படிக்கும் படிப்பு" என்று நம் அன்பர் சொன்னார் அல்லவா? அதற்கும் ஒரு வரலாறு உண்டு. மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான செயின்ட் லூசியாவில் 1915இல் பிறந்தவர் ஆர்தர் லூயிஸ். அவருடைய பெற்றோரும் வேறொரு தீவிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்களே. ஏழு வயதில் தந்தையை இழந்தார். தாயார்தாம் ஐந்து பிள்ளைகளையும் வளர்த்தார். லூயிஸ் எஞ்சினீயராக விரும்பினார். ஆனால் அந்நாளில் கறுப்பர் ஒருவருக்கு எஞ்சினீயர் வேலையை அரசாங்கமும் தராது, வெள்ளையர் நிறுவனங்களும் தரமாட்டா என்பதை அறிந்து, வேறு வழியின்றி இலண்டனில் வணிகமும் பொருளாதாரமும் படித்தார். உழவில் தேங்கிக் கிடக்கும் உழைப்பாளிகள் ஊரை விட்டுத் தொழில் நகரங்களுக்குப் பெயர்வதால் ஒரு நாட்டின் பொருளாதாரம் எவ்வாறு மாறுகிறது என்பதை விளக்கி 1954இல் அவர் எழுதிய கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. 1979இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தருமபுரியிலிருந்து அத்திபெலேக்கு வரும் ஒவ்வொரு குடும்பமும் அவர் ஆராய்ந்த பொருளின் ஒரு துளியே ஆகும்.

ஆயினும் இத்தகைய பெரியோரின் கதைகளை மட்டும் சொல்லி அன்பரை அனுப்பிவிடுவது நேர்மையாகாது. மாத வாடகையும் கடைக் கணக்கும் உள்ள வீட்டில், மூன்று ஆண்டுப் படிப்புக்குப் பின் என்ன என்ற கேள்வி நியாயமானது. ஆகவே மறைக்காமல் சொல்கிறோம். பி.ஏ. பட்டம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு உடனே நல்ல வேலை பெறுவது எளிதன்று. வகுப்பில் ஆசிரியர் சொல்லும் குறிப்புகளை எழுதி, தேர்வுக்கு முந்தைய இரவில் மனப்பாடம் செய்து தேறியவர்களுக்கு அப்பட்டம் சுவரில் மாட்டும் படமாக மட்டுமே பயன்பட்டிருக்கிறது. அத்தகையவர்களை நாமும் கண்டிருக்கிறோம். நம் அன்பரின் அச்சம் அங்கிருந்தே பிறந்தது. அது பொய்யன்று.

அப்படியானால் பயன் தரும் வகையில் இதைப் படிப்பது எவ்வாறு? மூன்று செய்திகளை வற்புறுத்துகிறோம்.

முதலாவது, புள்ளியியலுக்கு அஞ்சி ஓடக் கூடாது. கணக்கிலிருந்து தப்பிக்கவே பலர் பி.ஏ.வுக்கு வருகின்றனர். பொருளாதாரத்திலோ சமூகவியலிலோ விவரங்களைத் திரட்டி, அட்டவணையிட்டு, அதன் பொருளை எடுத்துச் சொல்லத் தெரிந்தவரையே பிறர் தேடி வருவர். கணினியில் அட்டவணை போடக் கற்றுக்கொள்வதும் இதில் அடங்கும். இரண்டாவது, ஆங்கிலத்தில் தெளிவாகப் படிக்கவும் எழுதவும் பழக வேண்டும். தமிழையும் கன்னடத்தையும் எழுதப் படிக்க அறிந்திருப்பது அதனினும் கூடுதலான செல்வம். மூன்றாவது, பட்டத்தை ஒரு படியாகவே கருதி, அடுத்த படி எது என்பதை இரண்டாம் ஆண்டிலேயே முடிவு செய்ய வேண்டும். எம்.ஏ., சமூகப்பணிக்கான எம்.எஸ்.டபிள்யூ., ஆசிரியர் பணிக்கான பி.எட். ஆகியவை இரண்டு ஆண்டுகள். பட்டத்துக்குப் பின் சட்டம் படிக்க மூன்று ஆண்டுகள். மத்திய, மாநில அரசுத் தேர்வுகள் பலவற்றுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும் என்றாலும், அவற்றின் பாடத்தில் பெரும் பகுதி அரசியலமைப்பும் பொருளாதாரமும் சரித்திரமுமே.

இனி எங்கே படிப்பது என்பதைப் பார்ப்போம். அத்திபெலேயில் குடியிருப்போருக்கு இரு மாநிலங்களின் கதவுகளும் அருகிலேயே இருக்கின்றன. ஆனேக்கலில் அரசு முதல் தரக் கல்லூரி உண்டு. எல்லைக்கு அப்பால் ஓசூரில் அரசு கலைக் கல்லூரி உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கல்லூரிகள் 1997இல் தோன்றிய சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவை. கர்நாடகத்தில் வரலாறு, பொருளாதாரம், அரசியல் இயல் அல்லது சமூகவியல் என மூன்று பாடங்களைச் சேர்த்துக் கற்கும் முறை நெடுங்கால வழக்கு. தமிழ்நாட்டிலோ ஒரு பாடத்தை முதன்மையாகவும் பிறவற்றைத் துணையாகவும் கொண்டு கற்பது வழக்கம். எதில் ஆர்வம் என்று இன்னும் உறுதியாகாத பிள்ளைக்கு முதல் முறையும், உறுதியான பிள்ளைக்கு இரண்டாம் முறையும் ஏற்றவை. கர்நாடகத்தில் 2021இல் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு கொண்டுவரப்பட்டு, 2024–25 முதல் மூன்று ஆண்டுகளாக மீண்டும் மாற்றப்பட்டது என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். பழைய செய்தியைக் கேட்டுவிட்டு ஓராண்டுச் செலவைக் கூடுதலாகக் கணக்கிட்டு அஞ்சுவோர் இன்னும் உள்ளனர்.

ஆனேக்கல் தாலுகாவிலேயே, சர்ஜாபுரத்தை அடுத்து, அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் இருக்கிறது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய தனியார் பல்கலைக்கழகம் அது. பொருளாதாரம் முதலிய பாடங்களில் அங்கே இளநிலைப் பட்டம் கற்பிக்கிறார்கள். கட்டணத்தைக் கேட்டு மலைத்துத் திரும்பிவிடாமல், குடும்ப வருவாயைக் கருதி வழங்கும் உபகாரச் சம்பளத்தைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். அங்கே நுழைவுத் தேர்வு உண்டு. ஆகவே பள்ளி இறுதி ஆண்டிலேயே விண்ணப்பம் பற்றிக் கேட்டறிவது நல்லது. நகரின் மறுபுறம், 1972இல் டாக்டர் வி. கே. ஆர். வி. ராவ் நிறுவிய சமூக பொருளாதார மாற்ற ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் பிறந்தவர் அவர். அங்கே இளநிலைப் பட்டம் இல்லை. மேற்படிப்பும் ஆராய்ச்சியும் நாடுவோர் பின்னாளில் எட்டிப் பார்க்க வேண்டிய இடம் அது.

வேலை செய்துகொண்டே படிக்க வேண்டிய நிலையில் உள்ளவர்களுக்குத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் உண்டு. 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம், மைசூரில் 1996இல் தோன்றிய கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், சென்னையில் 2002இல் தோன்றிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றை நம் அன்பர்கள் நாடலாம். எந்தப் பாடத்தில் சேர்வதாயினும், அந்த ஆண்டில் அப்பாடத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே பணம் கட்ட வேண்டும். சாலையோரத் தட்டியில் "மூன்றே மாதத்தில் பட்டம்" என்று எழுதியிருப்பவரிடம் ஒருபோதும் செல்ல வேண்டா.

புலம்பெயர்ந்த குடும்பங்கள் தனியே கவனிக்க வேண்டிய இரண்டு செய்திகளைச் சொல்லாமல் விடுவது பிழையாகும். ஒன்று, சாதிச் சான்றிதழ் பற்றியது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்கே அந்த மாநிலத்தின் இட ஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் கூறியது. 2018இல் அதனை மீண்டும் உறுதி செய்தது. இரு மாநிலப் பட்டியல்களிலும் ஒரே சாதிப் பெயர் இருப்பதாலேயே இந்நிலை மாறிவிடாது. ஆகவே தந்தையின் சொந்த ஊர்ச் சான்றிதழைப் பாதுகாத்து வைக்க வேண்டும். பிள்ளைக்குச் சேர்க்கை நாள் நெருங்கிய பின் தாலுகா அலுவலகத்துக்கு ஓடுவதைவிட, கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போதே அதற்குரிய தாள்களைக் கேட்டு வைப்பது அறிவுடைமை.

மற்றொன்று, பாட்டி வீட்டில் விட்டு ஊரிலேயே படிக்க வைத்த பிள்ளைகளைப் பற்றியது. தமிழ் வழியில் பயின்றோர்க்குத் தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் நூற்றுக்கு இருபது இடங்களை ஒதுக்கும் சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. 2020இல் செய்த திருத்தத்தின்படி, பட்டம் மட்டுமன்றிப் பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருத்தல் வேண்டும். பள்ளி முழுவதும் தமிழில் படித்த பிள்ளையை, அருகில் இருக்கட்டும் என்ற பாசத்தால் பட்டப்படிப்புக்கு இங்கே அழைத்து ஆங்கில வழியில் சேர்க்கும்போது, அந்த உரிமை நழுவிப் போகிறது என்பதை எண்ணிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அழைக்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. அறியாமல் இழக்கக் கூடாது என்பதே நம் கருத்து.

இவற்றையெல்லாம் பேசி முடித்தபோது இருட்டிவிட்டது. நம் அன்பர் ஒரு தாளில் ஆனேக்கல் கல்லூரி, ஓசூர்க் கல்லூரி, சர்ஜாபுரம் என்று எழுதி, ஒவ்வொன்றின் எதிரேயும் கட்டணம், பேருந்துச் செலவு, கடைசி நாள் என்று கோடு போட்டுக்கொண்டார். 2023ஆம் ஆண்டு ஜூனில் கர்நாடக அரசு பெண்களுக்குத் தொடங்கிய இலவசப் பேருந்துப் பயணத்தை மகள் நினைவூட்ட, ஒரு கட்டத்தில் இருந்த தொகையை அடித்தார். பி.காம். என்ற எண்ணத்தை அவர் அடியோடு கைவிட்டுவிட்டதாக நாம் சொல்ல மாட்டோம். "புள்ளியியல் இருக்கிற பாடமாக எடுக்கட்டும். முதல் ஆண்டு பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார். மகளுக்கு அது போதுமானதாக இருந்தது.

புறப்படும்போது அந்த நோட்டுப் புத்தகத்தை அவரே கையில் எடுத்துக்கொண்டார். வாயிற்படியில் நின்று, "அந்த வரிசையில் கடைசி வீட்டுக்காரர் முதலில் வந்தது ஓசூருக்கு, அங்கிருந்துதான் இங்கே வந்தார். அதை நீ எழுதவில்லை" என்று மகளிடம் சொல்லிக்கொண்டே நடந்தார்.

நம் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பிள்ளை பி.ஏ. படிக்க விரும்புவதாகச் சொன்னால், "என்ன செய்வது?" என்று கேளுங்கள், அக்கேள்வி தவறன்று. அதற்கு முன்னர், "ஏன்?" என்றும் ஒருமுறை கேளுங்கள். விடை சோம்பலாக இருப்பின் நல்வழி சொல்லலாம். அத்திபெலேப் பெண்ணின் விடையைப் போன்றதாக இருப்பின், அவ்விடையைத் தேட அப்பிள்ளைக்கு மூன்று ஆண்டுகள் கொடுப்பது வீணாகாது என்று கருதுகிறோம். வேலை தேடி எல்லை கடந்து வரும் இளைஞர்களின் வாழ்வை நம் வீட்டுப் பிள்ளைகளே ஆராய்ந்து எழுதுவார்களாயின், எந்தச் சாலை ஓரத்தில் எந்த ஆபத்து காத்திருக்கிறது என்பதை அடுத்த பண்டிகைக்கு முன்னரே எடுத்துச் சொல்ல நம்மிடையே ஒருவர் இருப்பார்.

கல்லூரி விண்ணப்பங்களை நிரப்புவதற்கும், சான்றிதழ் பற்றிய ஐயங்களைக் கேட்பதற்கும் சங்கத்து வாசகசாலைக்கு ஞாயிறுதோறும் மாலையில் வரலாம். பிள்ளைகளையும் உடன் அழைத்து வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.